மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

சுங்கை ஊடாங் வட்டாரத்துப் பால்மரத் தோட்டம் ஒன்றிற்கு, பணியின் நிமித்தம், ஒரு மாலை வேளையில் சென்றிருந்தேன். தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையிலே கூட்டம். உடல்நலம் பற்றிப் பேசுவதென்பது ஏற்பாடு. ஆசிரியராகப் பயிற்சி பெற்றவன் என்பதனாலோ என்னவோ, கேட்போரின் கையிலுள்ள பொருளை வைத்தே பாடத்தைத் தொடங்குவது என் வழக்கம். ஆகவே, வந்திருந்தவர்களிடம், "உங்கள் வீட்டில் இருக்கும் மருந்துகளை எல்லாம் எடுத்து வாருங்கள், அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசுவோம்" என்று கேட்டுக்கொண்டேன். சிலர் தயங்கினர், சிலர் சிரித்தனர். நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார் மட்டும் எழுந்து சென்று, பழைய மைலோ டின் ஒன்றைக் கொணர்ந்து மேசைமீது கவிழ்த்தார்.

அதிலிருந்து விழுந்தவை இவை: பனடோல் அட்டைகள் மூன்று; சளிக்காய்ச்சல் மாத்திரை அட்டைகள் இரண்டு; மருந்தின் பெயரே அழிந்துபோன கிளினிக் உறை ஒன்று, அதனுள் எஞ்சிய பொன்ஸ்டான் ஐந்து; சிறிய மஞ்சள் மாத்திரைகள் ஒரு பிடி; பாதி குடித்த இருமல் மருந்து; இரவுச் சந்தையில் வாங்கிய மூட்டுவலி ஜாமு ஒரு புட்டி; கோடாலித் தைலம். ஒரு சிறு மருந்துக் கடையே மேசைமீது வந்துவிட்டது.

"எல்லாம் கடையில வாங்கினதுதாங்க ஐயா. டாக்டர் சீட்டு இல்லாமலே குடுக்கிறாங்கன்னா, அதில கெடுதல் ஒண்ணும் இருக்காதுதானுங்களே?" என்று அவர் கேட்டார்.

நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன விடையையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவர் சீட்டு இன்றி ஒரு மருந்தை விற்க அரசாங்கம் அனுமதிக்கிறது என்றால், அம்மருந்து குறித்த அளவில், குறித்த நாள்வரையில், குறித்த நோய்க்கு உட்கொள்ளப்படும்போது பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாது என்பதே பொருள். எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்பது அதன் பொருளன்று. மருத்துவர் கொடுக்கும் மருந்துக்கு அளவைக் காப்பவர் மருத்துவர். கடையில் வாங்கும் மருந்துக்கு அளவைக் காக்கும் பொறுப்பு, வாங்குகிறவர் கைக்கே வந்துவிடுகிறது.

முன்னாளில் தோட்டத்து நிலைமை வேறு. தோட்ட மருந்தகத்தில் டிரஸர் இருந்தார். சட்டத்தின் பார்வையில் அவர் மருத்துவமனை உதவியாளர். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. காய்ச்சலா, வயிற்றுவலியா, கத்தி பட்ட காயமா, எதுவாயினும் அவரிடமே செல்ல வேண்டும். கசப்பு மருந்தைக் கண்முன்னே குடிக்கச் சொல்லி, பேரேட்டில் பெயரையும் எழுதிக்கொள்வார். அவரைப் பற்றிக் குறை கூறியவர்கள் உண்டு. எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் தருகிறார் என்னும் கேலியும் உண்டு. ஆனால், யாருக்கு எது எவ்வளவு போயிற்று என்பது ஒருவர் கையில் கணக்காக இருந்தது. இன்று அதே குடும்பம் தோட்டத்துக் கடையில் ஒன்று, பட்டணத்து மருந்துக்கடையில் ஒன்று, தனியார் கிளினிக்கில் ஒன்று, இரவுச் சந்தையில் ஒன்று என்று வாங்குகிறது. அந்நால்வரில் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. வெட்டிய பாலை நிறுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எழுதிவைக்கும் தோட்டத்தில், உண்ட மாத்திரைக்கு மட்டும் ஏடு இல்லை.

ஒரு கூட்டல் கணக்கு

அந்த அம்மையாரிடம், "நேற்று எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள் அம்மா?" என்று கேட்டேன். "ஆறு பனடோல்தாங்க. எட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு தெரியும்" என்றார். எட்டு என்னும் வரம்பு அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு மகிழ்ச்சி. அத்துடன் வேறென்ன உண்டார் என்று கேட்டுப் பலகையில் எழுதினேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு, பெரட்டுக்குப் புறப்படுமுன் பனடோல் இரண்டு. பத்து மணிக்குப் பால் எடுக்கத் தொடங்குமுன் இரண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு மூக்கு ஒழுகிற்று என்று சளிக்காய்ச்சல் மாத்திரை இரண்டு. மாலை ஆறு மணிக்குத் தலைவலி. மீண்டும் பனடோல் இரண்டு. படுக்கப் போகும்போது சளிக்காய்ச்சல் மாத்திரை இரண்டு.

பனடோல் என்பது கடைப்பெயர். அதனுள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பாரசிட்டமோல். சாதாரண பனடோல் ஒன்றில் அது 500 மில்லிகிராம் உண்டு. அட்டையைத் திருப்பிச் சளிக்காய்ச்சல் மாத்திரையின் உட்பொருளைப் படிக்கச் சொன்னேன். அவருடைய மகள் படித்தாள். முதல் வரியிலேயே பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் என்று இருந்தது. வேறு நிறம், வேறு பெயர், வேறு விலை. உள்ளே பெரும்பகுதி அதே மருந்துதான். ஆகவே அவர் உண்டது ஆறன்று, பத்து. ஒரு நாளில் 5,000 மில்லிகிராம். நல்ல உடல்நலமுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமே மேல் வரம்பு. மெலிந்த உடலினருக்கும், கல்லீரல் நோயினருக்கும், நாள்தோறும் மது அருந்துவோருக்கும் அந்த வரம்பு இன்னும் குறைவு. நீண்ட நேரம் வேலை செய்யும் என்று விற்கப்படும் சில மாத்திரைகளில் ஒன்றிலேயே 665 மில்லிகிராம் இருக்கும். அவற்றுக்கு எட்டு என்னும் எண்ணும் பொருந்தாது.

மிகுந்தால் என்ன நேரும்? நாம் உண்ணும் பாரசிட்டமோலில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நச்சுப் பொருளாக மாற்றிவிடுகிறது. அந்நஞ்சை முறிப்பதற்கான பொருளையும் கல்லீரலே வைத்திருக்கிறது. ஆனால் அதன் இருப்புக்கு ஓர் அளவு உண்டு. இருப்புத் தீர்ந்ததும் நஞ்சு கல்லீரலையே அரிக்கத் தொடங்கும். இதில் அஞ்சத்தக்கது யாதெனில், முதல் நாளில் அடையாளம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. குமட்டல், சோர்வு, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகும்போது கேடு முற்றியிருக்கும்.

குழந்தைகள் பற்றியும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான பாரசிட்டமோல் திரவம் இருவகை வலிமையில் விற்கப்படுகிறது. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராமே உச்ச அளவு. முதல் வகையில் 6 மில்லிலிட்டர் கொடுத்துப் பழகிய தாய், அடுத்த மாதம் இரண்டாம் வகையை வாங்கி அதே 6 மில்லிலிட்டரைக் கொடுத்தால், குழந்தைக்குப் போவது 300 மில்லிகிராம். பிழை தாயின் அன்பில் இல்லை. புட்டியின் பக்கத்திலுள்ள எண்ணைப் பார்க்காததில் இருக்கிறது. சமையலறைக் கரண்டியால் அளப்பதையும் விட்டுவிட வேண்டும். மருந்துடன் வரும் அளவுக் குப்பியோ ஊசியில்லாத பீச்சுக்குழலோதான் அளவுகோல்.

வேலைக்காக உண்ணும் மருந்து

நம் தொழிலாளர்கள் வலி மாத்திரையை நோய்க்காக மட்டும் உண்பதில்லை, வேலைக்காகவும் உண்கிறார்கள். நிரையில் நானூறு ஐந்நூறு மரங்களுக்கு மேல் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டுகிற முதுகு வலிக்காமல் இருக்குமா? மேட்டிலும் பள்ளத்திலும் வாளி சுமக்கும் முழங்கால் நோகாமல் இருக்குமா? வலி வந்தபின் உண்பது ஒரு வகை. வலி வரும் என்று எதிர்பார்த்து, விடியற்காலையில் வெறும் கோப்பியுடன் விழுங்கிவிட்டு மரத்தடிக்குச் செல்வது மற்றொரு வகை. இவ்விரண்டாம் வழக்கத்தின் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, நம்மைப் போன்ற உழைப்பாளிகள் வேறு நாடுகளில் தம் உடலையே விலையாகக் கொடுத்துக் காட்டிவிட்டார்கள்.

சுவீடன் நாட்டில் ஹஸ்க்வார்னா என்றொரு தொழில் நகரம் உண்டு. துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையால் வளர்ந்த ஊர் அது. 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய சளிக்காய்ச்சல் அவ்வூரையும் தாக்கியது. அப்போது ஹியோர்ட்டோன் என்னும் மருத்துவர் ஒரு தூளை நோயாளிகளுக்குக் கொடுத்தார். பெனசிட்டின், பெனசோன், கஃபீன் ஆகிய மூன்றும் கலந்த தூள் அது. காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. அதை உண்டால் களைப்புத் தெரியவில்லை, வேலை ஓடுகிறது என்று கண்ட தொழிலாளர்கள், நாள்தோறும் உண்ணலாயினர். ஆண்டுகள் பல கழிந்தபின், அவ்வூரில் சிறுநீரகம் பழுதுபட்டு இறப்போர் தொகை மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். 1961ஆம் ஆண்டில் சுவீடன் அரசாங்கம் பெனசிட்டின் கலந்த மருந்துகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்பதைத் தடுத்தது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. அங்கே பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்னும் பெயர்களில் தலைவலித் தூள்கள் மளிகைக் கடைகளிலேயே கிடைத்தன. ஆஸ்பிரின், பெனசிட்டின், கஃபீன் ஆகியவற்றின் சேர்க்கை அவை. இச்சேர்க்கை ஆங்கிலேயர் ஆட்சி நிலவிய நாடுகளில் ஏ.பி.சி. மாத்திரை என்றும் வழங்கியது. தொழிற்சாலைப் பெண்களும் இல்லத்தரசியரும் தேநீருடன் ஒரு பொட்டலம் உண்டுவிட்டு அன்றாட வேலையைப் பார்த்தனர். மெல்பர்ன் நகரில் பேராசிரியர் பிரிசில்லா கின்கெய்ட் ஸ்மித் என்னும் சிறுநீரக மருத்துவர், இத்தூளுக்கும் சிறுநீரகச் சிதைவுக்கும் உள்ள தொடர்பை விடாது எடுத்துக்காட்டினார். 1979ஆம் ஆண்டில் இத்தகைய கலப்பு வலி மருந்துகள் கடையில் தாராளமாகக் கிடைப்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் அவ்வகைச் சிறுநீரக நோய் அந்நாட்டில் குறைந்துகொண்டே வந்தது.

அத்தூள்களில் கஃபீன் சேர்ந்திருந்ததற்கு ஒரு விளைவு உண்டு. நாள்தோறும் உண்பவர் ஒரு நாள் நிறுத்தினால், நிறுத்தியதனாலேயே தலைவலி வரும். அவ்வலியைப் போக்க மீண்டும் தூள். தலைவலிக்கு மருந்தா, மருந்தால் தலைவலியா என்று பிரித்தறிய முடியாத வட்டம் அது. இன்றும் மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் தலைவலி மாத்திரை உண்போர்க்கு, அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாவதை மருத்துவர்கள் கண்டு வருகிறார்கள்.

பெனசிட்டின் இன்று வழக்கில் இல்லை. எனினும், ஐபுபுரோபன், டிக்லோபெனாக், பொன்ஸ்டான் என்னும் மெஃபனாமிக் அமிலம் முதலிய வலி மருந்துகள் சிறுநீரகத்தைத் தொடாமல் விடுவதில்லை. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை விரித்து வைத்திருக்கும் ஒரு பொருளை நம் உடல் சுரக்கிறது. அதே பொருள்தான் வலியையும் வீக்கத்தையும் எழுப்புகிறது. இம்மருந்துகள் அப்பொருளின் சுரப்பைத் தடுக்கின்றன, வலி அடங்குகிறது, உடன் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. வீட்டில் ஓய்வாக இருப்பவருக்கு இரண்டொரு நாள் இதனால் பெருங்கேடு வராது. ஆனால், வியர்வை ஒழுக, தண்ணீர் குடிக்க நேரமின்றி, வெயில் ஏறும்வரை நிரையில் நிற்பவருக்கு உடலில் நீர் முன்பே குறைந்திருக்கும். அந்நிலையில் இம்மாத்திரை சிறுநீரகத்தை இருமடங்கு வருத்தும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இரைப்பையின் உள்தோலைக் காப்பதும் அப்பொருளே. ஆகவே வெறும் வயிற்றில் இவற்றை விழுங்குவோருக்குப் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாகின்றன. மலம் தாரைப் போலக் கறுத்துப் போனால், அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போக்குவரத்து வேறு. ஒரு வேலை நாள் கெட்டுவிடுமே என்று மாத்திரை உண்டவர், வாரத்தில் மூன்று நாளை இழக்க நேரிடுகிறது.

இதைத் தொழிலாளரின் அறியாமை என்று மட்டும் கூறிவிடுவது நியாயமாகாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் போய்வருவதற்கு ஒரு நாள் ஆகிறது, அந்நாள் சம்பளம் போய்விடும் என்னும் அச்சம் இருக்கிறது. இந்த இடத்தில் சட்டம் கூறுவதைத் தெரிந்துகொள்வது நலம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மருத்துவர் சான்று வழங்கினால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இஃது எவரும் இரங்கித் தருவதன்று, உரிமை.

ஜாமுப் புட்டி

மைலோ டின்னிலிருந்து வந்த ஜாமுப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். நரைத்த மனிதர் ஒருவர் மலையேறும் படம். இருபது நோய்களின் பெயர். செய்தவர் முகவரி இல்லை. பதிவு எண்ணும் இல்லை. "இதுதாங்க ஐயா ரொம்ப நல்ல மருந்து. ரெண்டு நாள்ல முட்டிவலி பறந்துபோச்சு" என்றார் அம்மையார். அவ்வளவு விரைவில் பறந்துபோவதுதான் ஐயத்துக்கு இடம் தருகிறது. வேர், இலை, பட்டை மெதுவாக வேலை செய்பவை. இத்தகைய பதிவில்லாப் பொருள்களைச் சோதித்தபோது, அவற்றில் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. மருத்துவர் கைக்குள் இருக்க வேண்டிய வல்லமை வாய்ந்த மருந்து அது. வலியை விரைவில் அடக்கும், பசியைத் தூண்டும், முகம் உருண்டு பளபளக்கும். உடம்பு தேறிவிட்டது என்று உறவினர் பாராட்டுவர். உள்ளேயோ, எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், நோய் எதிர்க்கும் ஆற்றல் குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பல வாரமாக இத்தகைய ஜாமுவை உண்டவர், இக்கட்டுரையைப் படித்ததும் அதைத் திடீரென்று எறிந்துவிடக்கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால், உடல் தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயக்கமும் இரத்த அழுத்தக் குறைவும் உயிராபத்தும் நேரலாம். புட்டியுடன் மருத்துவரிடம் சென்று, உண்மையைச் சொல்லி, அவர் கூறும் முறைப்படி நிறுத்த வேண்டும்.

பதிவு பெற்ற மருந்தை அறிவது கடினமன்று. நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்யும் முறை 1984ஆம் ஆண்டு விதிகளின்கீழ் 1985இல் தொடங்கியது. பாரம்பரிய மருந்துகள் 1992 முதல் அதில் சேர்க்கப்பட்டன. பதிவு பெற்ற ஒவ்வொன்றின் உறையிலும் எம்.ஏ.எல். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும், எட்டு இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். அவ்விறுதி எழுத்து 'ஏ' எனில் நச்சுப்பொருள் பட்டியலிலுள்ள மருந்து. மருத்துவரோ மருந்தாளரோதான் கொடுக்கலாம். 'எக்ஸ்' எனில் அப்பட்டியலில் இல்லாதது. 'திராடிஷனல்' என்னும் மலாய்ச் சொல்லின் முதலெழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து. எண்ணைப் போலியாக அச்சிடுவோரும் உண்டு. ஐயம் தோன்றினால் மருந்துக்கடையிலுள்ள மருந்தாளரிடம் காட்டலாம். அதற்குக் காசு வாங்கமாட்டார்.

இருமல் மருந்து

பழுப்பு நிறப் புட்டியை எடுத்தபோது பின்வரிசையிலிருந்த இளைஞர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பாடம் அங்கேயே முடிந்திருக்கும்.

இருமல் மருந்துக்கும் போதைக்கும் உள்ள உறவு பழையது. 1898ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெரோயினை இருமல் மருந்தாகவே விற்பனைக்கு விட்டது. அதற்கும் முன்னர், இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படை மருத்துவர் காலிஸ் பிரவுன் என்பவர் வாந்திபேதிக்கென்று உருவாக்கிய குளோரோடைன் என்னும் மருந்தில் அபினும் கஞ்சாவும் குளோரோபார்மும் கலந்திருந்தன. அது நெடுங்காலம் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வீட்டு மருந்தாக விலைபோயிற்று. அபினிலிருந்து கிடைக்கும் கோடீன் இன்றும் சில இருமல் மருந்துகளில் உண்டு. வேறு சிலவற்றில் டெக்ஸ்ட்ரோமெதோர்பன், புரோமெதசின், டைபென்ஹைட்ரமின் ஆகியவை உண்டு. இரண்டு தேக்கரண்டியில் இருமலைத் தணிக்கும் இவற்றை ஒரு புட்டி முழுவதும் குடித்தால் மயக்கம், பிதற்றல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் தளர்ச்சி ஆகியவை வரும். மதுவுடன் கலந்தால் உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடவும் கூடும்.

நம் நாட்டில், சிறப்பாக வட மாநிலங்களில், கெத்தும் இலையைக் காய்ச்சிய நீரில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் வழக்கம் இளைஞரிடையே பரவியது. கெத்தும் இலையிலுள்ள மித்ராகைனின் என்னும் பொருள் 2003ஆம் ஆண்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோடீன் போன்றவை கலந்த இருமல் மருந்துகளும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. மருந்தாளர் அவற்றை விற்கும்போது வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது அதனால்தான். பெயர் எழுதாமல் புட்டி கொடுக்கும் கடை நமக்கு உதவி செய்யும் கடையன்று. பெற்றோர்க்கு ஒரு சொல்: மகனுக்கு இருமல் இல்லை, ஆனால் வீட்டுக்குப் பின்புறம் காலிப் புட்டிகள் கிடக்கின்றன என்றால், அடிப்பதற்கு முன் அவனை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள். பழக்கம் முற்றிய பின் திட்டுவதாலும் அடிப்பதாலும் அது விடுவதில்லை.

சின்னஞ்சிறு குழந்தைகளின் இருமலுக்குக் கடை மருந்து பெரும்பாலும் தேவையே இல்லை. தானே தணியும் சளி அது. கோடீன் கலந்ததைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கவே கூடாது. 2025ஆம் ஆண்டில் நடந்த துயரம் ஒன்றை நம் மக்கள் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேச மாநிலத்தின் சிந்துவாரா வட்டாரத்தில் குழந்தைகள் இருபதின்மருக்கு மேல் சிறுநீரகம் பழுதாகி மாண்டனர். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அம்மருந்தில் டைஎத்திலின் கிளைக்கால் என்னும் தொழிற்சாலை நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அங்கே குழந்தைகளுக்கு அதை எழுதிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. மருந்தே கெட்டிருந்தபோது யாராலும் காக்க முடியவில்லை. ஊருக்குப் போய்வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவரும் இருமல் மருந்தும் தைலமும் மாத்திரையும் நம் நாட்டில் எவராலும் சோதிக்கப்படாதவை. அன்பினால் கொடுப்பதை வாங்காமல் இருப்பது கடினந்தான். வாங்கிக்கொண்டு, குழந்தைக்குக் கொடுக்காமல் இருக்கலாம்.

அந்த மஞ்சள் மாத்திரை பிரிட்டன் என்பது; அரிப்புக்கும் தும்மலுக்கும் உரியது, தூக்கம் வரும். அதை உண்டுவிட்டு இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், கூரிய பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதும் ஆகாது. இரவில் படுக்கும் முன் உண்ணலாம்.

மூன்று நாள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் முன்னோர் கூறினர். விருந்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மருந்தைப் பொறுத்தமட்டில் இன்றைய மருத்துவரும் அதையே கூறுகிறார்கள். கடையில் வாங்கிய மருந்தால் மூன்று நாளில் காய்ச்சல் தணியவில்லையானால், அதற்கு மேல் அதே மாத்திரையைத் தொடர்வதில் பயனில்லை. அதற்கு முன்பே செல்ல வேண்டிய காய்ச்சலும் உண்டு. டெங்கி நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இருப்பது. மங்கிலும் வாளியிலும் தேங்கும் மழைநீர் கொசுவுக்குத் தொட்டில். டெங்கியில் இரத்தம் உறையும் தன்மை குறைகிறது. அந்நேரத்தில் ஆஸ்பிரின், ஐபுபுரோபன், டின்னில் மிஞ்சிக் கிடக்கும் பொன்ஸ்டான் ஆகியவற்றை உண்பது இரத்தக் கசிவைத் தூண்டிவிடும். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு, அளவோடு பாரசிட்டமோல் மட்டுமே. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலிருந்து இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் விட்டதுபோல் தோன்றினாலும்கூட, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் விடும் நேரமே டெங்கியில் ஆபத்தான நேரம். பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு எந்தக் காய்ச்சலுக்கும் நாமாக ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய் ஒன்று அதனால் வருவதுண்டு.

கூட்டம் முடிந்தபின் அந்த அம்மையாரின் மகள் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கோடு போட்டு, நேரம், மாத்திரையின் பெயர், உள்ளிருக்கும் மருந்து, எத்தனை என்று நான்கு பத்தி வகுத்து டின்னின் மூடியில் ஒட்டினாள். பெயரில்லா உறையும் ஜாமுவும் மறுநாள் அம்மையாருடன் கிளினிக்குக்குச் சென்றன. காலங்கடந்த மருந்துகளையும் மிஞ்சியவற்றையும் அரசாங்க மருத்துவமனை மருந்தகங்களில் ஒப்படைக்கலாம்; சாக்கடையில் ஊற்ற வேண்டியதில்லை.

வீட்டில் எவரேனும், தவறியோ மனமுடைந்தோ, மாத்திரைகளை அளவுக்கு மீறி உண்டுவிட்டதாகத் தெரிந்தால், அவர் நலமாக இருப்பதுபோல் தோன்றினாலும் காத்திருக்கலாகாது. உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யவும் கூடாது. 999 எண்ணை அழைத்தோ, கிடைத்த வண்டியிலோ, மலாக்கா மருத்துவமனைக்கோ அலோர் காஜா மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். பாரசிட்டமோலுக்கு மாற்று மருந்து உண்டு. உண்ட எட்டு மணி நேரத்துக்குள் அது செலுத்தப்பட்டால் கல்லீரலைப் பெரும்பாலும் காத்துவிடலாம். எத்தனை மணிக்கு உண்டார் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலி அட்டைகளையும் புட்டியையும் மறவாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். எது எவ்வளவு உள்ளே போயிற்று என்பதை மருத்துவர் அவற்றைக் கொண்டே கணக்கிடுவார்.